மிஷின்காரர் பங்கு

கோயமுத்தூரை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி சாந்தி ஒரு புதுச் சட்டையை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றி, என் பையில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கம்பெனி விழாவுக்குப் போகும்படி ஆகிவிட்டால், எண்ணெய்க் கறைச் சட்டையோடு நான் மேடை ஏறிவிடக் கூடாது என்பது அவளுடைய ஏற்பாடு. நான் இதுவரை எந்த மேடையும் ஏறியதில்லை. கல்யாண மேடை கணக்கில் சேராது.

தானிய மிஷின்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் சர்வீஸ் ஆள். மாவு அரைப்பது, தோல் உரிப்பது, உமி நீக்குவது என்று எங்கள் மிஷின்கள் எங்கெங்கோ ஓடுகின்றன. அவை நின்றால் நான் ஓட வேண்டும். வருஷா வருஷம் கம்பெனி விழாவில் சிறந்த சர்வீஸ்காரர் ஒருவருக்குக் கேடயம் கொடுப்பார்கள். அவர் பெயரை வரவேற்பறைப் பலகையில் பித்தளை எழுத்தில் பதிப்பார்கள். என் தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பார்க்காத மாதிரிப் போவேன். ஆனால் பார்த்துக்கொண்டுதான் போவேன். எனக்கு அந்தக் கேடயம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே வேண்டும்.

இந்த வருஷம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தடவை உங்களுக்குத்தான் வரும்போல் இருக்கிறது என்றார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இப்போதெல்லாம் ஒரு வேலை முடிந்தால் வாடிக்கையாளர் போனுக்கு ஓர் எண் வரும். அவர் அதைச் சொல்லி, நான் என் போனில் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அப்புறம் அவர் தன் போனில் எனக்கு நட்சத்திரம் போடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கை மூடும்போது என் பெயரில் முடியாத வேலை ஒன்றுகூட நிற்கக் கூடாது. நின்றால் கேடயம் அடுத்த இடத்தில் இருக்கும் பிரவீனுக்குப் போய்விடும். பிரவீனுக்கு என் வயதில் பாதி. நல்ல பையன், அதுதான் இன்னும் கடுப்பு. என் பெயரில் பாக்கி இருந்தவை மூன்று வேலைகள். மூன்றும் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தன.

புதன்கிழமை முதல் வேலை நல்லம்பள்ளியில், ஒரு ராகி மாவு மில்லில். மரியாதைக்கு எங்கள் கோயமுத்தூரை அடித்துக்கொள்ள முடியாது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். மில் வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து மில்காரர் முருகேசன், "கொஞ்சம் தள்ளிப் படுங்க, இவுரு உள்ள போவட்டும்" என்றார். நாயும் எழுந்து தள்ளிப் படுத்தது. அந்த இடத்தில் என் ஊர்ப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

மிஷினில் பெரிதாக ஒன்றுமில்லை; பெல்ட் நைந்து வழுக்கிக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டு நிமிர்வதற்குள் முருகேசனின் மனைவி சாப்பாடு போட்டுவிட்டார். ராகிக் களி, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு. எங்கள் ஊரில் களி என்றால் சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டர் சொன்னாரே என்று விழுங்குவது. இங்கே அது உருண்டு திரண்டு மினுமினுவென்று தட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது. மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது உருண்டையில் பழகிவிட்டேன். மூன்றாவதை அவர்களே நிறுத்தினார்கள், பஸ்ஸில் தூங்கிவிடுவேனாம்.

முருகேசன் எண்ணைச் சொன்னார். வேலை முடிந்தது. நட்சத்திரம் போடும்போது ஐந்தில் நான்கை மட்டும் அழுத்தினார். ஏதாவது குறையா என்று கேட்டேன்.

"குறை ஒண்ணும் இல்லீங்க. முழுசாக் குடுத்தா கண்ணு பட்டுரும். உங்க நல்லதுக்குத்தான் ஒண்ணு கொறச்சேன்."

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் போனை எடுத்து என் சராசரி எவ்வளவு இறங்கியது என்று பார்த்தேன். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. ஆனாலும் மனசு அந்த ஒரு நட்சத்திரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. களியின் ருசிகூட மறந்துவிட்டது.

மறுநாள் மாரண்டஹள்ளி. அங்கே டீக்கடையில் ஒருவர் கன்னடத்தில் கேட்கிறார், இன்னொருவர் தெலுங்கில் பதில் சொல்கிறார், கடைக்காரர் இருவருக்கும் தமிழில் கணக்குச் சொல்கிறார். யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. எங்கள் தெருவில் தமிழ் மட்டுமே பேசும் இரண்டு வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியாமல் வருஷக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். கடையில் டீயோடு காரப்பொரியும் வைத்தார்கள். டீயில் சர்க்கரை எங்கள் ஊரைவிட ஒரு பங்கு கூடுதல்.

நிலக்கடலைத் தோல் உரிக்கும் மிஷின் அங்கே. காலையில் ஆரம்பித்த வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. உரிமையாளர் ஊரில் இல்லை; அவர் மகள்தான் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறாள். மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லி, விழுந்த பருப்பை அள்ளிப் பார்த்து, வாயில் போட்டு மென்றுவிட்டு, ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

பாலக்கோடு வரும் பஸ்ஸில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி வந்தேன். அப்போதும் கை போனிலேயே இருந்தது. பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். நான் வளர்ந்த தெருவில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள், அதனால் எனக்கு நன்றாகவே புரிந்தது. பாவம், ஏறியதிலிருந்து போனையே எடுத்து எடுத்துப் பார்க்கிறார், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் போலிருக்கிறது என்றாள் ஒருத்தி. முகத்தைப் பார்த்தால் நல்ல மனுஷனாகத்தான் தெரிகிறது, போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்றாள் மற்றவள். கடைசியில் அவர்கள் இறங்கும்போது ஒருத்தி என் கையில் இரண்டு தக்காளியை வைத்துவிட்டுப் போனாள். போனைப் பைக்குள் போட்டேன். ஒரு நிறுத்தம் தாண்டி மறுபடி எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அரூரிலிருந்து மலை பஸ் ஏறினேன். மூன்றாவது வேலை சித்தேரியைத் தாண்டி மலைக்கு உள்ளே ஒரு சின்ன ஊரில். அங்கே பெண்கள் குழு ஒன்று சாமை உமி நீக்கும் மிஷின் வைத்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அதைப் பொருத்திக் கொடுத்தவன் நான்தான். லாரியில் வந்து, மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு, அதே லாரியில் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு பழுதும் வந்ததில்லை. இப்போது அரிசி நொய்யாக உடைகிறது என்று புகார்.

பாதி மலையில் பஸ் புகைந்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். என் கையிலிருந்த டூல்ஸ் பையைப் பார்த்துவிட்டு ஒட்டுமொத்தப் பயணிகளும் என்னையே பார்த்தார்கள். எனக்கு பஸ்ஸைப் பற்றி ஏறவும் இறங்கவும் மட்டுமே தெரியும். இருந்தாலும் அத்தனை பேர் நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். டிரைவர் என் தோளைத் தொட்டு, ஓரமாக நில்லுங்கள், சுடுதண்ணி மேலே தெறிக்கும் என்றார். ஓரமாக நின்றேன். அவர் ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றி, என்னவோ செய்து, கிளப்பிவிட்டார். அதற்குள் சுமையோடு வந்த பெண்கள் குறுக்குப் பாதையில் நடந்து மேல் வளைவுக்கே போய்விட்டார்கள். நாங்கள் போய் அவர்களை அங்கே ஏற்றிக்கொண்டோம்.

மேலே மார்கழிக் குளிர். ஊருக்கு நடுவில் தகரக் கொட்டகை, அதற்குள் எங்கள் மிஷின். குழுத் தலைவி ராமாயிக்கு நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும், அன்னைக்கு மிஷின் போட்டவரு நீங்கதானே என்று அடையாளம் கண்டுகொண்டார். நிலைமையைச் சொன்னார். பொங்கலுக்கு அரூர்க் கடைகளுக்கு அனுப்பச் சாமை அரிசி கேட்டிருக்கிறார்கள். முழு அரிசியாக இருந்தால்தான் எடுப்பார்கள். இப்போது மிஷினில் போட்டால் பாதி நொய்யாக விழுகிறது. ஊர் முழுக்க அறுத்த தானியம் காத்திருக்கிறது.

உள்ளே தானியம் மோதுகிற இடத்தில் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். கழற்றிப் பார்த்தால் ஓரளவு தேய்ந்துதான் இருந்தது. கையோடு கொண்டுவந்த புது ரப்பரைப் போட்டேன். ஓட்டினால் அதே நொய். வேகத்தைக் குறைத்தேன், உமியோடு விழுந்தது. கூட்டினேன், மாவாகவே விழுந்தது. மிஷினும் குளிர்க் காய்ச்சல் வந்தவன்போல் நடுங்கியது. ராமாயி நடுவில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் பொட்டலமாகப் பார்த்த சாமை அது. வெந்ததும் பூப்போல உதிர்ந்து இப்படி ஒரு வாசனை வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நின்று ரசிக்கிற நிலையில் நான் இல்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஊருக்குள் போன் எடுக்காது. ஊரை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது; அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். சாயங்காலம் நானும் ராமாயியும் அவருடைய போனையும் எடுத்துக்கொண்டு அங்கே போனோம். நான் மேனேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். இப்போதைக்கு எண்ணை வாங்கி வேலையை முடித்துவிடுங்கள்; அடுத்த வாரம் புதிதாக ஒரு புகார் பதிந்துகொள்ளலாம்; எல்லோரும் செய்வதுதான். எண்ணையும் அப்போதே அனுப்பிவிட்டார். ராமாயியின் போன் மணி அடித்தது.

ராமாயி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சரியாயிருச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நம்பரச் சொல்லிடறேங்க. மிஷினப் பத்தி எங்குளுக்கு என்னா தெரியும்."

அவர் சொன்னது கிண்டல் இல்லை, சோதனையும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தொண்டை வரை வந்தது. பலகையில் பித்தளை எழுத்தில் என் பெயர், கீழே உட்கார்ந்து கை தட்டும் சாந்தி, எல்லாம் கண்முன் வந்தன. அதே சமயம் அடுத்த வாரம் என்னை இங்கே அனுப்ப மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். விழா முடிந்தால் மலை ஏற யாருக்கும் நேரம் இருக்காது, பொங்கலும் போய்விடும். என் உள்ளங்கையில் கடைசியாக அள்ளிப் பார்த்த நொய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஆகலீங்க. காலைல பார்க்கலாங்க" என்றேன்.

நான் அப்போது பெரிய மனுஷனாக உணர்ந்தேன் என்றெல்லாம் யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலாக இருந்தது. மேனேஜரிடம், வேலை முடியவில்லை என்று சொன்னேன். சாந்தியைக் கூப்பிட்டு, சட்டை வேண்டியதில்லை என்றேன். அவள், அங்கே குளிராமே, காதைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. ராமாயி வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் அவசரம் இல்லாமல் கொட்டகைக்குப் போனேன். யாருக்கும் எந்தக் கணக்கும் சொல்ல வேண்டியதில்லை. மிஷினின் அடி மூடியைத் திறந்து, தானியத்தைச் சுழற்றி வீசும் வட்டத் தட்டையே வெளியில் எடுத்தேன். நேற்று அந்த மூடியைத் திறக்கவே எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் தூசிகூடப் போக வழியில்லையே என்று விட்டிருந்தேன். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால், ஓர் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கெட்டியாகி அடைபோல் ஒட்டியிருந்தன. உளியால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தன. ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறிய தட்டு சுற்றினால் நடுங்காமல் என்ன செய்யும்.

ராமாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது தான்தான் என்றார். பொட்டை வெளியில் வைக்க வேண்டியதுதானே, எதற்காக மூடியைக் கழற்றி உள்ளே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வெளிய இருக்கறது வெறும் தகரமுங்க. வேல செய்யறது உள்ள இருக்கறது. அதுக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?"

அதிலும், ஒவ்வொரு வருஷமும் போன வருஷப் பொட்டின் மேலேயே வைத்திருக்கிறார். இடம் மாற்றி வைத்தால் பாரம் பரவலாகிச் சமாளித்திருக்கும். சாமிக்கு நெற்றியை விட்டு வேறு எங்கே பொட்டு வைப்பது என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் துரு, எலி, பல்லி எல்லாம் மிஷினைக் கெடுத்துப் பார்த்திருக்கிறேன். மரியாதை கெடுத்ததை அன்றுதான் பார்த்தேன். ராமாயியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சுரண்டி, துடைத்து, மாட்டி ஓட்டினேன். மிஷின் நடுக்கமில்லாமல் சீராக இரைந்தது. சாமை முழுசு முழுசாக, மஞ்சள் வெளுப்பாக விழுந்தது. குழுப் பெண்கள் முறத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான். மத்தியானம் எங்கள் கம்பெனி விழா நடக்கும் நேரத்தில் நான் ஊர்க் களத்தின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தேன்.

அன்று அந்த ஊர்ப் பொதுக்களத்தில் கடைசிக் கதிர் அடிப்பு. மாடுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டி மிதிக்க வைத்து, காற்றில் தூற்றி, சாமையைக் குவித்திருந்தார்கள். அளந்தவர் ராமாயியின் புருஷன் செல்லன். வள்ளம் என்கிற மூங்கில் படியில் மொண்டு, ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்கி எண்ணினார். அந்தந்த வீட்டுக்கு உரியது போனபின் ஓரமாக ஒரு சின்னக் குவியல் மீந்தது. அது வேலைக்காரர் பங்கு என்றார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர். செல்லன் குரல் கொடுக்கக் கொடுக்க ஆட்கள் போய் வாங்கினார்கள். அரிவாள் அடித்துக் கொடுத்த கருமான் பங்கு. பன்றி விரட்டிய காவக்காரர் பங்கு. பூசாரி பங்கு.

அப்புறம் செல்லன், "மிஷின்காரர் பங்கு" என்றார்.

மிஷினை ஓட்டும் பெண்களில் யாராவது எழுந்திருப்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராமாயி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, போய் ஏந்துங்க என்றார். ஒன்றும் புரியாமல் எழுந்து போனேன். செல்லன் வள்ளத்தைத் தலைதட்டாமல் கோபுரமாக மொண்டு பையில் கொட்டினார்.

மிஷின் வந்த வருஷத்திலிருந்தே இப்படி ஒரு பங்கு எடுத்து வைக்கிறார்களாம். நான் வரவே இல்லையே, அதையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வாங்க ஆள் வராத பங்கை அம்மன் பொங்கலில் போட்டுவிடுவது வழக்கம் என்றார் செல்லன். அப்படியென்றால் நான் கோயமுத்தூரில் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு வருஷமும், இந்த மலையில் என் பங்கை ஊரே பொங்கிச் சாப்பிட்டிருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் என்னை ஞாபகம் வைத்திருந்ததற்கு நன்றி என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

செல்லனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "பங்குக்கு எதுக்குங்க நன்றி. அப்புறம், இது உங்குளுக்குன்னு எடுத்து வெக்கறது இல்லீங்க. மிஷினப் பாக்கறவருக்கு. நீங்க வந்தா உங்குளுக்கு. நாளைக்கு வேற ஆளு வந்தா அவுருக்கு."

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு நிமிஷம் முன்னால்வரை ஊரே என்னை நினைத்துக்கொண்டிருந்ததாக நினைத்து உருகியவன் நான். அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. கல்லில் வந்து உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். எதிரில் கருமான் தன் பங்கில் ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்தபடி பக்கத்து வீட்டுக்காரரோடு ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தார். காவக்காரர் தன் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டார். யாரும் யாரைவிடவும் நன்றாக வேலை செய்ததற்காக வாங்கவில்லை. செய்தார்கள், வாங்கினார்கள். அவர்களோடு நானும் ஒரு ஆள். அப்படி உட்கார்ந்திருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பல வருஷமாக இறுக்கிப் போட்டிருந்த செருப்பைக் கழற்றினாற்போல இருந்தது.

ஞாயிறு காலையில் பஸ் ஏறப் போகும் வழியில் ராமாயி தானாகவே பாறைமேல் ஏறி எண்ணைச் சொன்னார். வேலை முடிந்தது. அடுத்து அவர் போனில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நின்றன. இது என்ன என்று கேட்டார். வேலைக்குத் தக்கபடி அழுத்துங்கள் என்றேன். அவர் யோசித்து, மிஷின் ஒண்ணுதானே என்று ஒரு நட்சத்திரத்தை அழுத்தினார். அழுத்திவிட்டு, போதுமா என்று அன்பாகக் கேட்டார். போதும் என்றேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அரூர் வரும்வரை போனை எடுக்கவில்லை.

அரூர் பஸ் ஸ்டாண்டில் பிரவீன் கேடயத்தோடு நிற்கும் படம் வந்திருந்தது. அவன் அம்மாவும் மேடையில் நின்றார். கொஞ்சம் வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். வாழ்த்து அனுப்பிவிட்டு இட்லி சாப்பிடப் போனேன். எங்கள் ஊர்த் தேங்காய்ச் சட்னியைவிட அந்தக் கடலைச் சட்னி நன்றாக இருந்ததை வீட்டில் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் சொல்லியும்விட்டேன். பொங்கலன்று சாந்தி அந்தச் சாமையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

ஒரு நட்சத்திரத்தின் விளைவு பிறகு தெரிந்தது. அப்படி அந்த மலையில் என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று மேனேஜர் கேட்டார். நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சிரிப்பு வராது. ஒரு நட்சத்திரம் வாங்கிய இடத்துக்கு மறுபடி அதே ஆளை அனுப்பக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் பிரவீனுக்குப் போனது. எனக்கு உடுமலைப் பக்கம் கொடுத்தார்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது நல்லம்பள்ளியில் களியை மெல்லக் கூடாது, மாரண்டஹள்ளி பஸ்ஸில் போனைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் அவனிடம் சொன்னேன். சித்தேரியில் மூடிக்குள் பொட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பங்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கேடயம்தான் அவனுக்குப் போய்விட்டதே, இதுவாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று மனசு சொன்னது. அவன் போகாவிட்டால் அது பொங்கலில்தானே சேரப்போகிறது, யாருக்கும் நஷ்டமில்லை என்றும் சொன்னது. மனசு நன்றாகப் பேசும்.

அடுத்த மார்கழி பிறந்து குளிர் தொடங்கியபோது பிரவீனுக்குப் போன் போட்டேன். அவன் தர்மபுரியில்தான் இருந்தான். வேலை இருக்கிறதோ இல்லையோ, சித்தேரியைத் தாண்டி அந்த ஊர்வரை போய்விட்டு வா, கடைசி அடிப்பு அன்றைக்குக் களத்தில் உன் பங்கு இருக்கிறது என்றேன்.

"என்னோட பங்குங்களா? நான் அந்த மலையவே இன்னும் பார்த்ததில்லீங்களேண்ணா" என்றான்.

"அதனால பரவால்ல தம்பி. மிஷின்காரர் பங்குன்னு கூப்பிடுவாங்க. எந்திரிச்சுப் போயி ரெண்டு கையிலயும் ஏந்தி வாங்கிக்கோ."